அங்கியைக் காத்தனர், அரும்பைக் கருக்கினர்!

தோழா!

டப்ளின் நகரத்துக் குரோக் பார்க் விளையாட்டரங்கை ஒரு கணம் மனக்கண்முன் நிறுத்திப் பார். பல்லாயிரவர் கூடியிருக்கின்றனர். ஆட்டம் தொடங்குமுன் வாத்தியக் குழு ஒன்று அணிவகுத்து வருகிறது. சீருடை அணிந்த சிறுவர்கள்! முரசு முழங்குகிறது, கொம்பு ஒலிக்கிறது, கூட்டம் கை தட்டுகிறது. எத்தனை ஒழுங்கு, எத்தனை அழகு என்று வாயாரப் புகழ்கிறது.

அவர்கள் ஆர்ட்டேன் தொழிற்பள்ளியின் பிள்ளைகள். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் வீடு திரும்பும். சிறுவர்களும் திரும்புவர். ஆனால் அவர்கள் திரும்பிய இடத்தில் தாயில்லை, தாலாட்டில்லை. தோல்வார் இருந்தது. இருட்டு இருந்தது. இருட்டிலே என்ன நடந்தது என்பதை அந்த நாடு கேட்டறிய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று!

அயர்லாந்து என்றதும் நம் நெஞ்சு நிமிரும். டிவேலராவின் பெயரை மேடைதோறும் முழங்கியவர்கள் நாம். உண்ணாவிரதமிருந்து உயிர் நீத்த மாக்ஸ்வினியின் கதையை உருக்கமாகச் சொன்னவர்கள் நாம். அடிமைத்தளை அறுத்த அந்த நாடு, தன் பிள்ளைகளிலே எளியவர்களை யாரிடம் ஒப்படைத்தது? ஒப்படைத்த பின் என்ன பாடுபட்டார்கள்? அந்தப் பக்கத்தை நாம் படித்ததில்லை. இன்று படிப்போம்.

1868இல் வெள்ளையன் இயற்றிய சட்டத்தால் பிறந்தவை தொழிற்பள்ளிகள். 1922இல் வெள்ளையன் போனான், பள்ளிகள் போகவில்லை. துறவற சபைகள் அவற்றை நடத்தின. அரசு பணம் கொடுத்தது. எப்படிக் கொடுத்தது? தலைக்கு இவ்வளவு என்று! பிள்ளை ஒன்று கூடினால் வருவாய் கூடும், குறைந்தால் குறையும். ஏழை வீட்டுப் பிள்ளை, தாயிழந்த பிள்ளை, மணமாகாத மங்கை பெற்ற பிள்ளை, பள்ளிக்குப் போகாமல் தெருவிலே திரிந்த பிள்ளை — இவர்களை நீதிமன்றம் பிடித்துக் கொடுத்தது. குற்றம் செய்தவர்கள் அல்லர், வறுமையிலே பிறந்தவர்கள். அதற்குத்தான் பதினாறு வயதுவரை தண்டனை!

1999இல் மேரி ராப்டரி என்ற பத்திரிகையாளர் தொலைக்காட்சித் தொடரொன்றில் இந்த அவலத்தை அம்பலப்படுத்தினார். நாடு நடுங்கிற்று. அவ்வாண்டு மே 11ஆம் நாள் பிரதமர் பெர்ட்டி ஆஹெர்ன் அரசின் சார்பிலே மன்னிப்புக் கேட்டார். விசாரணை ஆணையம் அமைந்தது. 2009 மே 20இல் அறிக்கை வந்தது. ஐந்து தொகுதிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சாட்சியம். சிறுவர் விடுதிகளில் பாலியல் கொடுமை எங்கோ ஓரிடத்தில் நேர்ந்த விபத்தல்ல, வேரோடிப் போன நோய் என்று நீதிபதி ரையனின் ஆணையம் எழுதி வைத்தது.

நாடகம் எழுதிப் பழகியவன் நான். ஆகவே சபைகள் இந்தப் பழியை எப்படிக் கையாண்டன என்பதை நான்கு காட்சிகளாகவே உனக்குக் காட்டுகிறேன்.

முதற்காட்சி — வாய்ப்பூட்டு. 1946இல் அயர்லாந்துக்கு ஒரு பாதிரியார் வந்தார். பெயர் பிளனகன். அந்த மண்ணிலே பிறந்து, அமெரிக்காவிலே ஆதரவற்ற சிறுவர்க்காக 'பாய்ஸ் டவுன்' என்ற இல்லம் கண்டவர். அவர் கதையை 1938இலேயே திரைப்படமாக்கிற்று ஹாலிவுட். அத்தகையவர், அயர்லாந்துச் சிறார் நிலையங்களின் கொடுமையை வெளிப்படையாகக் கண்டித்தார். அரசு என்ன செய்தது? மிகைப்படுத்துகிறார், பொருட்படுத்த வேண்டியதில்லை என்று நாடாளுமன்றத்திலே அமைச்சர் தள்ளிவிட்டார். 1962இல் ஆர்ட்டேன் பள்ளியின் ஆன்மகுருவாக இருந்த மூர் பாதிரியார், அங்குள்ள நிலையை விவரித்துத் தம் பேராயருக்கு அறிக்கை தந்தார். கேட்டு வாங்கியவர் பேராயர்தாம்! அறிக்கையோ பல்லாண்டுகள் கோப்புக்குள் உறங்கிற்று. பள்ளி மூடப்பட்டது 1969இல்.

இரண்டாங்காட்சி — இடமாற்றம். புகார் வந்தால் சபை என்ன செய்யும்? குற்றவாளியை அழைக்கும், அறிவுரை கூறும், வேறு பள்ளிக்கு அனுப்பும். அங்கே என்ன இருக்கும்? வேறு பிள்ளைகள்! நோயாளியைக் குணப்படுத்தாமல் ஊர் ஊராக அனுப்பினால் நோய் குறையுமா, பரவுமா?

"காலம் அப்படி, அந்நாளில் இதன் கொடுமை யாருக்கும் புரியவில்லை" என்று வாதாடுவோர் உண்டு. தோழா, அந்த வாதத்தை வீழ்த்த நாம் வாளெடுக்க வேண்டியதில்லை. ஆணையத்தின் அறிக்கையே வீழ்த்துகிறது. சபையைச் சேராத வெளியாள் ஒருவன் பிள்ளையிடம் தவறாக நடந்தால், போலீசுக்குச் சொன்னார்கள். அதே தவற்றைச் சபையின் உறுப்பினரே செய்தால், உள்ளுக்குள்ளேயே முடித்துக் கொண்டார்கள். வெளியாள் செய்தால் குற்றம். உள்ளாள் செய்தால் பலவீனம்! குற்றம் என்று தெரியாமலா போலீசை அழைத்தார்கள்? தெரிந்திருந்தது. தெரிந்தே மறைத்தார்கள்.

மூன்றாங்காட்சி — பேரம். உண்மை வெளிவந்த பிறகாவது நெஞ்சுருகினரா? கேள்! கிறிஸ்துவ சகோதரர் சபை ஆணையத்தின்மீதே வழக்குத் தொடுத்தது. முடிவில், கொடுமை செய்தோரின் பெயர்கள், செத்தவர் பெயரும் சேர்த்து, அறிக்கையில் இடம்பெறாமல் போயின. ஆணையத்தின் முதல் தலைவரான நீதிபதி லபாய், அரசின் போக்கால் சுதந்திரமாகப் பணியாற்ற இயலவில்லை என்று 2003இல் பதவி விலகினார்.

பணம்? 2002 ஜூன் மாதம் 18 சபைகளோடு அரசு ஓர் ஒப்பந்தம் செய்தது. ரொக்கமும் சொத்துமாக 12.8 கோடி யூரோ சபைகள் தரும். அதற்குமேல் வரும் சுமை அரசினுடையது. சுமை எவ்வளவு வந்தது தெரியுமா? 2017இல் அந்நாட்டின் தணிக்கைத் தலைவர் கணக்குப் போட்டுச் சொன்னார்: விசாரணைக்கும் இழப்பீட்டுக்குமாக ஏறத்தாழ 150 கோடி யூரோ! ஒப்பந்தத்தில் சபைகள் ஏற்றது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2009 அறிக்கைக்குப் பின் நாடே கொதித்தெழ, மேலும் 35 கோடிக்கு மேல் தருவதாகச் சபைகள் சொல்லின. ஆளுக்குப் பாதி ஏற்க வேண்டும் என்றது அரசு. பாதியை எட்டுவது இருக்கட்டும். சொன்னதையே முழுமையாகத் தரவில்லை. குற்றம் சபையுடையது, கடன் குடிமகனுடையது! கொடுமைக்காளான பிள்ளை வளர்ந்து, உழைத்து, வரி செலுத்தி, தன் இழப்பீட்டின் ஒரு பகுதியைத் தானே செலுத்தினான்!

அதனினும் கொடிது ஒன்றுண்டு. 15,000க்கு மேற்பட்டோர் இழப்பீடு பெற்றனர். பெற்றவர் அந்த விவரத்தை வெளியே சொன்னால் அது குற்றம் என்று அந்தச் சட்டமே விதித்தது! சிறுவனாக இருந்தபோது தோல்வாரைக் காட்டி "வெளியே சொல்லாதே" என்றார்கள். முதியவனான பிறகு சட்டத்தைக் காட்டி "வெளியே சொல்லாதே" என்றார்கள். 2019இல் அந்த ஆவணங்களை 75 ஆண்டுக் காலம் பூட்டிவைக்க ஒரு மசோதாவும் வந்தது, எதிர்ப்புக் கிளம்பியது, அது சட்டமாகவில்லை.

நான்காங்காட்சி — கைகழுவல். 1973இல், கார்க் மாவட்டத்து டண்டரோ சிற்றூர்ப் பள்ளியில் லூயிஸ் ஓகீப் என்ற சிறுமி தலைமையாசிரியரின் கொடுமைக்கு ஆளானாள். 1971லேயே வேறொரு பிள்ளையின் தாய், பள்ளி மேலாளரான பாதிரியாரிடம் முறையிட்டிருந்தார். நடவடிக்கை ஏதுமில்லை. பின்னர் அந்த ஆசிரியர் விலகினார். வேறு பள்ளியிலே சேர்ந்து 1995வரை பாடம் நடத்தினார்! வளர்ந்த லூயிஸ் வழக்குத் தொடுத்தபோது அரசு சொன்ன விடை: "சம்பளம் நாங்கள் கொடுத்தோம், பள்ளி எங்களுடையதன்று." அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2008இல் அதை ஏற்றது. அவர் அஞ்சவில்லை; ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் படியேறினார். 2014 ஜனவரி 28இல் தீர்ப்பு வந்தது: பிள்ளையைக் காக்கும் கடமையை இன்னொருவர் தலையிலே கட்டிவிட்டு அரசு தப்பிக்க முடியாது! ஒரு தனிப் பெண் ஓர் அரசைத் தலைகுனிய வைத்தார், தோழா!

இவை ஏழைகள் பயின்ற பள்ளிகளின் கதை மட்டுமென எண்ணாதே. 2024 செப்டம்பரில் இன்னோர் அறிக்கை வந்தது. சபைகள் நடத்திய பகற்பள்ளிகளையும் விடுதிப் பள்ளிகளையும் ஆராய்ந்த அறிக்கை. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்றவையும் அவற்றுள் உண்டு. 308 பள்ளிகள், 884 பேர் மீது குற்றச்சாட்டு, 2,395 புகார்கள்! குற்றஞ்சாட்டப்பட்டவரில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டுவிட்டனர். எண்களைப் பார், எங்கிருந்து வந்தவை? பெரும்பாலும் சபைகளின் சொந்த ஏடுகளிலிருந்து! எழுதி வைத்திருந்தார்கள், எடுத்துச் சொல்லவில்லை.

இன்றும் வழக்குத் தொடுக்கப் போனால் என்ன நடக்கிறது? கிறிஸ்துவ சகோதரர் சபை சட்டப்படி ஒரு கழகமாகப் பதிவானதன்று. சபையின் சார்பில் வழக்கை ஏற்கும் ஒருவரைக் காட்ட அது மறுத்தது. வாதி, வயது முதிர்ந்த உறுப்பினர்களைத் தேடித் தேடி ஒவ்வொருவராக வழக்கிலே சேர்க்க வேண்டியதாயிற்று. நிலம் வாங்கும்போது சபை உண்டு; நீதி கேட்கும்போது சபை இல்லை!

தோழா, ஒன்றை மறவாதே. இது இறை நம்பிக்கை மீது தொடுக்கும் போரன்று. துணிந்து பேசிய பிளனகன் யார்? பாதிரியார். உண்மையை எழுதிக் கொடுத்த மூர் யார்? பாதிரியார். அந்தச் சபைகளின் பள்ளிகளில் எழுத்தறிந்து உயர்ந்தோர் பல்லாயிரவர். அதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் பேருக்கு விளக்கேற்றினோம் என்பது, ஒருவனை எரித்ததற்கு ரசீதாகாது. இந்தக் கதையை ஒரு மதத்தாரை அடிக்கும் தடியாக எவரேனும் எடுக்க வந்தால் தடியைப் பிடுங்கிப் போடு. அவர்களுக்கு வேண்டியது அந்த மதத்தாரின் அவமானம். அந்தப் பிள்ளையின் கண்ணீரன்று.

அப்படியானால் நாம் கற்க வேண்டியது என்ன? நோய் அங்கியிலே இல்லை. அமைப்பின் மானம் பிள்ளையின் மேனியைவிடப் பெரிது என்ற எண்ணத்திலே இருக்கிறது. அந்த எண்ணம் மடத்திலும் முளைக்கும், மன்றத்திலும் முளைக்கும். ஏன், கொடி பிடிக்கும் நம்மிடையேயும் முளைக்கும்! நாளை உன் ஊரில், நம் இயக்கத்துக்கு வேண்டியவர் நடத்தும் பள்ளியிலே ஒரு பிள்ளை வாய் திறந்தால் என்ன செய்வாய்? "தேர்தல் நேரம், பேரைக் கெடுக்காதே, பேசித் தீர்ப்போம்" என்பாயா? அந்தச் சொல்தான், தோழா, ஆர்ட்டேனின் முதற்கல்! 2012இல் நம் நாட்டிலே இயற்றிய போக்சோ சட்டம், தெரிந்தும் புகார் செய்யாத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டுவரை சிறை என்கிறது. சட்டம் ஏட்டிலே இருக்கிறது; அதற்கு உயிர் கொடுப்பது உன் நெஞ்சுரம்.

ஆகவே நாம் கேட்பவை இவை: புகார் முதலில் போகவேண்டிய இடம் காவல் நிலையம், மேலாளரின் அறையன்று. பழைய ஏடுகள் திறக்கப்படவேண்டும். இழப்பீட்டுக்கு ஈடாக மௌனத்தை விலை பேசக்கூடாது. குற்றம் எவருடையதோ கடனும் அவருடையதாகவேண்டும். இவற்றை மாற்றார் நிறுவனத்திடம் கேட்கும் அதே குரலில் நம்மவர் நிறுவனத்திடமும் கேட்கவேண்டும்.

வாத்திய முழக்கம் கேட்டுக் கை தட்டிற்றே ஒரு கூட்டம்! அதிலே கல்நெஞ்சர் எத்தனை பேர் இருந்திருப்பர்? மிகச் சிலரே. மற்றவர் நல்லவர்; ஆனால் இசைக்குப் பின்னே என்ன இருக்கிறதென்று கேட்காதவர். அடுத்தமுறை எந்த விழாவிலேனும் சீருடைச் சிறுவர்கள் அணிவகுத்து வந்தால் நீயும் கை தட்டு, தோழா. தட்டி முடித்ததும், அவர்களில் ஒருவனை அருகழைத்து, "தம்பி, அங்கே உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேள். அவன் சொல்லும் விடை எதுவாயினும், அதைத் தாங்கும் நெஞ்சோடு கேள்!