உணவும் உண்டு!

பசி ருசி அறியாது என்பார்கள். சென்ற மாதம் நுவரெலியாவில் நமது பசி, ருசியை நன்றாகவே அறிந்துகொண்டது.

அட்டனிலிருந்து பேருந்தில் போய் இறங்கியபோது இரவு எட்டு மணி. மழையும் குளிருமாக இருந்தது. உடன் மனைவியும் ஏழு வயது மகனும். நடந்த தூரத்தில் உணவுச்சாலைகள் எல்லாம் அடைபட்டிருந்தன. ஒரு மதுச்சாலையில் மட்டும் விளக்கெரிந்தது. வாயிலில் ‘உணவும் உண்டு’ என்ற பலகை. அந்த ‘உம்’மை நாம் சற்று ஊன்றிக் கவனித்திருக்க வேண்டும்!

உள்ளே பியர் கேட்டவர்களுக்கு அது நொடியில் வந்தது. நுரை ததும்ப வந்தது. அவர்கள் முகத்தில் குறையொன்றும் இல்லை. நாம் கேட்ட சோறோ முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. அரிசி நடுவில் வேகவில்லை. கோழிக்கறி, உண்பவரை மேலும் ஒரு குவளைக்கு அழைப்பதற்கென்றே உப்பும் மிளகாயும் பூசிக்கொண்டிருந்தது. லீக்ஸும் கரட்டும் விளையும் ஊரில், தட்டிலே காய்கறி ஒரு துண்டும் இல்லை.

மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள இவ்வூரில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆகவே சோறு வேகக் கூடுதல் நேரம் வேண்டும். மலைநாட்டுத் தாய்மார் இதனைப் பாடநூலில் படித்தவர்கள் அல்லர். ஆயினும் லயத்துக் காம்பராவில் அவர்கள் வடிக்கும் சோறு பூப்போல் இருக்கிறது. மதுச்சாலை அடுப்புக்கு அந்தப் பொறுமை இல்லை. பியரோ இங்கு பழைய குடி. 1881இல் இவ்வூரில் எழுந்த மதுவடிசாலை பின்னாளில் பியகமவுக்குப் பெயர்ந்தது. ஊற்றிக் கொடுக்கும் கைப்பழக்கம் மாத்திரம் பெயரவில்லை போலும்!

மகன் ஒரு வாய் உண்டு, காரம் தாளாமல் அழுதான். பரிமாறிய இளைஞர் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வேலைக்கு வருபவர். உள்ளே சென்று, தாளில் சுற்றிய பொதியொன்றைக் கொணர்ந்தார். இரண்டு கோதுமை ரொட்டி. தொட்டுக்கொள்ளச் சிறிது சீனியும் வைத்தார்.

“அம்மா சுட்டது, ஐயா. தம்பி சாப்பிடட்டும்” என்றார்.

மகன் இரண்டையும் உண்டு முடித்த பின்னரே, அது அவ்விளைஞரின் இராச் சாப்பாடு என்பது நமக்கு உறைத்தது. வெட்கத்தோடு பணம் நீட்டினோம்.

“பிள்ளை சாப்பிட்டதுக்குக் காசா, ஐயா?” என்று மறுத்துவிட்டார். மேசையிலே, வேகாத சோற்றுக்குரிய பற்றுச்சீட்டு நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குடிப்பதற்கென ஓர் இடம் இருப்பதில் நமக்கு வழக்கில்லை. கைவராத தொழிலைப் பலகையில் எழுதி வைப்பதே குறை. குழந்தைகளோடு மலையேறும் அன்பர்களே, பலகையைப் பார்த்து நுழையாதீர்கள்; உள்ளே எத்தனை பேர் சோறு உண்கிறார்கள் என்று பார்த்து நுழையுங்கள். நாம் அடுத்த முறை இரண்டு பொதி கட்டிக்கொண்டு செல்வதாக இருக்கிறோம். ஒன்று நமக்கு, மற்றொன்று, நாம் கடன்பட்டுள்ள அந்த இளைஞருக்கு.