வாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

வடசேரிப் பக்கம் கோயில் கொடை என்றால் முன்பெல்லாம் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். பாட்டு வயல் தாண்டிக் கேட்கும். அத்தனை சத்தத்துக்கும் ஒரு குழாய்க்குப் போனது சில பத்து வாட்தான். ஆனால் வீட்டு ஹாலுக்கு செட் வாங்கப் போகிறவருக்கு, அட்டைப் பெட்டியில் '5000 வாட்' என்று இருந்தால்தான் திருப்தி!

அந்த 5000 என்பது பி.எம்.பி.ஓ. கணக்கு. கண் சிமிட்டும் நேரத்துக்கு வரலாம் என்று சொல்லப்படும் உச்சம். அதை அளக்க எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறை எதுவும் கிடையாது. தொடர்ந்து கிடைப்பதைக் காட்டுவது ஆர்.எம்.எஸ். வாட். செட்டின் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். கரண்டில் 60 வாட் இழுக்கும் பெட்டி 5000 வாட்டை எங்கிருந்து தரும்? வரவு 60, செலவு 5000 என்றால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-லேயே ஆம்ப்ளிஃபயர் வாட்டை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி போட்டது. இங்கே வாங்குகிறவர்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

அடுத்தது சென்சிடிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பதுதான் அது. சாதாரண வீட்டு ஸ்பீக்கர் 86 என்றால் குழாய் 106-ஐத் தொடும். 3 டெசிபல் கூட்ட வாட்டை இரண்டு மடங்காக்க வேண்டும். 20 டெசிபலுக்கு 100 மடங்கு. குழாயின் ரகசியம் இவ்வளவுதான். அப்படியென்றால் 89 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுப்பதும், 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுப்பதும் ஒன்றே. காசை முதலில் ஸ்பீக்கரில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஓம் கணக்கையும் விடக்கூடாது. 8 ஓம் ஸ்பீக்கர் இருக்கும் முனையிலேயே அடுக்களைக்கு இன்னொன்றைப் பேரலலாக இழுத்தால் மொத்தம் 4 ஓம். கரண்ட் இரண்டு மடங்கு. அதற்குத் தயாராக இல்லாத ஆம்ப்ளிஃபயர் சூடாகிப் புகையும். மைக் செட் ஆம்ப்ளிஃபயரின் 100 வோல்ட் முனையில் வீட்டு ஸ்பீக்கரை மாட்டுவது அதைவிட ஆபத்து.

"பெரிய ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரை எரித்துவிடும்" என்று ஒரு பயம் உண்டு. பாதி உண்மைதான். சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, முதலில் போவது ட்வீட்டர். எனவே ஸ்பீக்கர் தாங்கும் ஆர்.எம்.எஸ். அளவுக்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ ஆம்ப்ளிஃபயர் இருக்கட்டும். குமிழைத் திருகும் கையில் நிதானம் இருக்கட்டும். காற்று புகாத அலமாரிக்குள் வைப்பதென்றால் சூடு குறைந்த கிளாஸ் டி நல்லது. சில வாட் மட்டுமே தரும் வால்வு செட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள், சென்சிடிவிட்டி கூடிய ஸ்பீக்கர் கைக்கு வந்தபிறகு ஆசைப்படலாம்.

மாதத் தவணை கட்டி வாங்கும் பொருள் இது. கடையில் "எத்தனை வாட்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஆர்.எம்.எஸ். எவ்வளவு, எத்தனை ஓம், எத்தனை டெசிபல்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.