முதல் வாக்குமூலம் எந்த மொழியில்?

ஊவாவின் பதுளை மாவட்டத்திலுள்ள மடுல்சீமையில் ஒரு குற்றம் நடந்தால் அதைத் துலக்க அங்குள்ள பொலிஸ் நிலையத்தின் கையில் இருப்பது மிகக் கொஞ்சம். காயப்பட்டவரைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்ட வேண்டுமென்றால் பசறை வழியாகப் பதுளை வைத்தியசாலைக்கு இறங்க வேண்டும். இரத்தக்கறையோ நஞ்சோ பகுப்பாய்வுக்குப் போவதென்றால் பத்தரமுல்லையிலுள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே இத்தகைய சிறு நிலையங்களில் விசாரணையின் பெரும்பாரத்தைத் தாங்குவது தகவல் புத்தகத்தில் எழுதப்படும் முறைப்பாடும் சாட்சிகளின் வாக்குமூலங்களுமே. தோட்ட லயத்தில் தமிழில் நடந்த ஒரு சண்டை அந்தப் புத்தகத்தில் சிங்களத்தில் ஏறும் நேரத்திலேயே பல வழக்குகளின் கதி தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கருத்து.

சட்டம் இதை அறியாததல்ல. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு, வாய்மொழித் தகவலைச் சொல்பவரின் மொழியிலேயே எழுதி, அதை அவருக்கு வாசித்துக் காட்டச் சொல்கிறது. அந்த மொழியில் எழுத அதிகாரியால் முடியாவிட்டால், சொல்பவரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவருக்கும் எழுத இயலாவிட்டால்தான், காரணத்தைக் குறித்துவிட்டு வேறொரு தேசிய மொழியில் பதியலாம். விதிவிலக்காக வைக்கப்பட்ட இந்தக் கடைசி வழி, கையெழுத்துக்கு அப்பால் எழுதிப் பழகாத ஒரு கொழுந்து பறிக்கும் தாய்க்கு வழமையான வழியாகிவிடக்கூடியது. இதன் விளைவு நீதிமன்றத்தில்தான் தெரியும். 110ஆம் பிரிவின்படி பொலிஸாருக்குக் கொடுத்த வாக்குமூலத்தைக் கொண்டு சாட்சியின் பேச்சை வலுப்படுத்த முடியாது. ஆனால் அவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்று காட்ட அதைப் பயன்படுத்தலாம். “தள்ளிவிட்டார்” என்று அவர் சொன்னது “அடித்தார்” என்று ஏறியிருந்தால், கூண்டில் நின்று உண்மையைச் சொல்லும்போதுதான் அவர் பொய்யராகிறார். மொழிபெயர்த்தவரின் பிழைக்குச் சாட்சி தண்டனை அனுபவிக்கிறார்.

தோட்டத்து மக்களுக்குச் சிங்களம் தெரியும், இதைப் பெரிதுபடுத்துவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. கடையிலும் பஸ்ஸிலும் பேசும் சிங்களம் வேறு. யார் முதலில் கையோங்கினார், கதவு திறந்திருந்ததா என்று வரிசை பிசகாமல் சொல்லும் சிங்களம் வேறு. பாலியல் கொடுமைக்கு உள்ளான ஒரு சிறுமியிடம் அதை எதிர்பார்ப்பது கொடுமை. தோட்டத் தலைவரையோ கங்காணியையோ வைத்து மொழிபெயர்த்துக்கொள்ளலாமே என்பதும் சரியான விடையல்ல. முறைப்பாடு அவருடைய உறவினர் மீதோ தோட்ட நிர்வாகத்தின் மீதோ இருந்தால் என்ன செய்வது? பாரதூரமான குற்றங்களைக் கொழும்பிலிருந்து வருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கைக்கும் ஊவாவிலேயே கசப்பான மறுமொழி இருக்கிறது. 2000 ஒக்டோபர் 25 அன்று பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் பொலிஸார் அங்கேயே நின்றிருக்க, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டனர். 2003இல் மேல் நீதிமன்றம் ஐவருக்குத் தண்டனை விதித்தது. 2005ஆம் ஆண்டுக்குள் உயர் நீதிமன்றம், சான்று போதாதென்று அவர்கள் எல்லோரையும் விடுவித்தது. முதல் மணித்தியாலங்களில் திரட்டாத சான்றைப் பின்னர் எந்த விசேட குழுவாலும் படைத்துவிட முடியாது.

தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்கள் போதாது என்ற மறுப்பில் மட்டும் உண்மை இருக்கிறது. தமிழ் இளைஞர்கள் பொலிஸ் சேவையில் சேர்வது குறைவு. அது ஒரு வருடத்தில் மாறப்போவதில்லை. ஆனால் 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஐந்திலொருவர் தமிழர். ஒவ்வொரு நிலையத்திலும் 24 மணித்தியாலமும் இருமொழி உத்தியோகத்தர் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியிலேயே வாக்குமூலம் பதியப்பட வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011லேயே பரிந்துரைத்தது. ஆளில்லாத இரவுகளில், தமிழில் சொல்வதை ஒலிப்பதிவு செய்து கோவையோடு இணைக்கலாம். அயல் நிலையத்திலுள்ள தமிழ் உத்தியோகத்தரைத் தொலைபேசியில் அழைக்கலாம். இவற்றுக்குப் புதிய கட்டடமோ பெரும் நிதியோ தேவையில்லை. பொலிஸ் மாஅதிபரின் ஒரு சுற்றறிக்கை போதும். அதைப் பெற்றுத்தர பதுளை மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்வர வேண்டும். அதுவரை பொலிஸுக்குப் போகும் தோட்டத்து உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். எழுதத் தெரிந்தால் முறைப்பாட்டை நீங்களே தமிழில் எழுதிக் கொடுங்கள். எழுத முடியாதவர்கள், பதிந்ததைத் தமிழில் வாசித்து விளக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.