வைக்கோலில் இருக்கிறது ஒரு மூட்டை பொட்டாஷ்

“சம்பா அறுவடை முடிந்துவிட்டது. மெஷின் அறுத்துப் போட்ட வைக்கோல் மூன்று ஏக்கரிலும் வரிவரியாகக் கிடக்கிறது. வீட்டில் மாடு இரண்டுதான். வைக்கோல் கட்டுகிறவர்கள் இன்று வருகிறோம், நாளை வருகிறோம் என்று இழுக்கிறார்கள். ‘ஒரு தீக்குச்சி போதும், ஒரே நாளில் வயல் சுத்தமாகிவிடும். உழுது எள்ளு விதைத்துவிடலாம்’ என்று பக்கத்து வயல்காரர்கள் சொல்கிறார்கள். சாம்பலும் உரம்தானே? பூச்சியும் செத்துப்போகுமே? கொளுத்துவதில் அப்படி என்ன தப்பு?”

– வாசகர், தா.பழூர், அரியலூர் மாவட்டம்.

தை, மாசி மாதங்களில் ஜெயங்கொண்டத்திலிருந்து தா.பழூர் வழியாக மதனத்தூர் பாலம் நோக்கிப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி உடனே புரியும். பொன்னாற்றுப் பாசன வயல்களில் அறுவடை முடிந்த இடமெல்லாம் வைக்கோல் வரிகள். அவற்றில் சில சுருள் கட்டுகளாகி லாரி ஏறும். சில, சாயங்கால நேரத்தில் புகையாகும்.

இது சோம்பேறித்தனத்தால் வந்த பழக்கம் இல்லை. கையால் அறுத்த காலத்தில் தாளை அடியோடு ஒட்ட அறுத்து, களத்தில் கதிரடித்து, வைக்கோலைப் போர் போட்டுவிடுவார்கள். வயலில் மிஞ்சுவது நாலு விரல் கட்டை. அதை உழவு மடக்கிவிடும். இப்போது பெல்ட் டைப் இயந்திரம் அரை அடி, முக்கால் அடி கட்டையை விட்டுவிட்டு மேலே அறுக்கிறது. வைக்கோலைப் பின்னால் தள்ளி, தானே அதன்மேல் ஏறி மிதித்தும் விடுகிறது. சேறு ஒட்டி நசுங்கிய வைக்கோலை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அறுக்க ஆள் கிடைக்காததால் இயந்திரம் வந்தது. இயந்திரம் வந்ததால் வைக்கோல் வயலிலேயே தங்கியது.

பஞ்சாபிலும் கதை இதுதான். அங்கே கூடுதலாக ஒரு சிக்கல். நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, ஜூன் 10-க்கு முன் நெல் நடக்கூடாது என்றார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். கோதுமை விதைப்புக்கு இடையில் மிஞ்சுவது சில வாரங்கள்தான். தண்ணீரை மிச்சப்படுத்தப் போய் தீ வைப்பது கூடியது. டெல்லியைச் சுற்றியுள்ள மாநிலங்களில் 2024 நவம்பரில் அபராதத்தையே இரட்டிப்பாக்கினார்கள்: இரண்டு ஏக்கருக்குள் 5,000 ரூபாய், ஐந்து ஏக்கருக்குள் 10,000, அதற்கு மேல் 30,000.

தா.பழூர் வாசகருக்கு அந்த அபராதக் கணக்கு தேவையில்லை. அவர் வயலுக்குள்ளேயே வேறொரு கணக்கு இருக்கிறது.

ஒரு நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய 40 சதவிகிதம் வைக்கோலில் தங்கிவிடுகிறது. மணிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு. சாம்பல்சத்தில்தான் ஆச்சரியம்: 80 முதல் 85 சதவிகிதம் வைக்கோலிலேயே நிற்கிறது. நெல்லை விற்பவர் மண்ணின் சாம்பல்சத்தை அதிகம் விற்பதில்லை. அது தாளில்தான் இருக்கிறது.

ஏக்கருக்கு 2 டன் காய்ந்த வைக்கோல் (கட்டையையும் சேர்த்து) என்று வைத்துக்கொண்டால், அதில் தழைச்சத்து 10 முதல் 16 கிலோ, மணிச்சத்து 3 முதல் 5 கிலோ, சாம்பல்சத்து 28 முதல் 40 கிலோ. கடையில் வாங்கும் மூட்டைக் கணக்கில் சொன்னால், யூரியா அரை மூட்டையிலிருந்து முக்கால் மூட்டை. பொட்டாஷ் ஒரு மூட்டையோ அதற்கு மேலோ. டெல்டா நெல்லுக்கான பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 50 கிலோ சாம்பல்சத்து, அதாவது ஏக்கருக்கு 20 கிலோ. அடுத்த நெல்லுக்குப் போடச் சொல்லும் அளவைவிட அதிகமான பொட்டாஷ், போன நெல்லின் வைக்கோலிலேயே படுத்துக் கிடக்கிறது.

இந்தப் பொட்டாஷை வெட்டியெடுக்க நம் நாட்டில் சுரங்கம் இல்லை. கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல் என்று கப்பலில் வர வேண்டும். 2022-ல் 50 கிலோ மூட்டை 1,700 ரூபாய்க்கு விற்றபோது எத்தனை பேர் பொட்டாஷே போடாமல் விட்டார்கள் என்பது உரக்கடைக்காரர்களுக்குத் தெரியும்.

இனி, ‘சாம்பலும் உரம்தானே’ என்ற கேள்வி. பாதி உண்மை. சாம்பல்சத்து என்ற பெயரே அப்படி வந்ததுதான். வைக்கோலைக் கொளுத்தினால் சாம்பல்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் போகிறது, மீதி சாம்பலில் நிற்கிறது. மணிச்சத்தில் கால் பங்கு போகிறது. கந்தகச்சத்து தீயின் சூட்டைப் பொறுத்து பாதிக்கும் மேல்கூடப் போகலாம். தழைச்சத்து? ஏறக்குறைய மொத்தமும் காற்றோடு. மண்ணுக்கு மக்காகப் போயிருக்க வேண்டிய கரிமமும் அதோடு போய்விடும். கொள்ளிடக் கரையை ஒட்டிய வண்டலுக்கு இது கொஞ்ச நாள் தெரியாமல் இருக்கலாம். வடக்கே ஜெயங்கொண்டம் பக்கம் போகப்போக வரும் செம்மண்ணுக்கு உடனே தெரியும். அந்த மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைப்பதே மக்குதான்.

மிஞ்சிய சாம்பலும் வயல் முழுக்கப் பரவுவதில்லை. வைக்கோல் வரி எங்கே கிடந்ததோ அங்கேதான் கிடக்கும். காற்று அடித்தால் பறக்கும், தண்ணீர் பாய்ந்தால் கரைந்து ஓடும். அடுத்த பயிர் பட்டை பட்டையாகக் கறுத்து வளர்வதைப் பார்த்து ‘சாம்பல் வேலை செய்கிறது’ என்று சந்தோஷப்படுகிறவர்கள், இரண்டு பட்டைக்கு நடுவே வெளிறிக் கிடக்கும் பயிரையும் பார்க்க வேண்டும்.

பூச்சி சாகும் என்பதும் பாதி உண்மைதான். தண்டுதுளைப்பான் புழு அறுவடைக்குப் பிறகு அடிக்கட்டையின் அடிப்பகுதியில் ஒளிந்திருக்கும். மேலே ஓடும் தீ அதன் கீழ்வரை எட்டுவதில்லை. கட்டையை உழுது புரட்டி வெயிலில் போட்டாலும், மடக்கித் தண்ணீர் கட்டினாலும் அது சாகும். தீயில் உடனே சாவது வயலில் இருக்கும் சிலந்தியும், மேல் அங்குலத்து மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களும். (அந்தச் சூடு ஆழத்துக்கு இறங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘மண்ணே மலடாகிவிடும்’ என்று பயமுறுத்துவது மிகை.) இலையுறைக் கருகல் போன்ற நோய் கடுமையாக வந்த வயலில் மட்டும், வைக்கோலை மடக்காமல் வெளியே எடுத்துக் குப்பைக்குழியில் மக்கவைப்பது நல்லது.

புகையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு டன் வைக்கோல் எரிந்தால் ஏறக்குறைய 60 கிலோ கார்பன் மோனாக்சைடும், 3 கிலோ நுண்துகளும் வெளியே வரும். கரியமில வாயு 1,460 கிலோ. இதில் கரியமில வாயு வைக்கோல் மக்கினாலும் மெல்ல மெல்லப் பெரும்பாலும் வெளியே வரக்கூடியதுதான். மற்ற இரண்டும் அப்படி இல்லை; அவற்றை முதலில் சுவாசிக்கிறவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் குழந்தைகளும், ஆஸ்துமா உள்ள பெரியவர்களும்.

சரி, கட்டு கட்டுகிறவர்கள் வந்தால் விற்றுவிடலாமா? பலரும் யோசிக்காத இடம் இதுதான். புகை இல்லை, கையில் காசும் வருகிறது. ஆனால் பொட்டாஷ் கணக்கை மட்டும் பார்த்தால், விற்பது கொளுத்துவதைவிட மோசம். கொளுத்தினால் ஐந்தில் நாலு பங்காவது அங்கே கிடக்கும். மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளாவுக்கும் லாரி ஏறிய வைக்கோல், இந்த வயலின் பொட்டாஷை மொத்தமாகக் கூட்டிக்கொண்டு போகிறது. விற்கவே கூடாது என்பதில்லை. தீவனத்துக்குப் போகும் வைக்கோல் நல்ல இடத்துக்குத்தான் போகிறது. விலை பேசும்போது கணக்குத் தெரிந்து பேச வேண்டும் என்பதுதான். ஒரு கட்டை எடைபோட்டுப் பார்த்தால் போதும். 100 கிலோ வைக்கோலில் 1.4 முதல் 2 கிலோ சாம்பல்சத்து. அதாவது இரண்டேகால் முதல் மூன்றேகால் கிலோ பொட்டாஷ் உரம். இந்த மாத உர விலையால் பெருக்கி, கட்டுக் காசில் கழித்துக்கொள்ளலாம். மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கர் வைக்கோலை விற்று, இரண்டு ஏக்கரை மடக்குவது, அடுத்த வருடம் ஏக்கரை மாற்றுவது என்று பிரித்துக்கொண்டால் பணமும் வரும், மண்ணும் ஒட்டாண்டியாகாது.

தா.பழூர் வாசகருக்குச் சாதகமான விஷயம், இது சம்பா வைக்கோல். அடுத்த நெல்லுக்கு மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. எள்ளு விதைக்கிற அவசரத்தில் அதை மறந்துவிடக்கூடாது. வரிகளை முதலில் கவைக்கோலால் வயல் முழுக்க உதறிப் பரப்ப வேண்டும். இந்த வேலையைத் தாண்டிவிட்டு ரோட்டோவேட்டரை இறக்கினால் வைக்கோல் சுற்றிக்கொண்டு நிற்கும். பிறகு மக்கவைக்கும் கரைசலைத் தெளிக்கலாம். காசியாபாத்தில் உள்ள மத்திய அரசின் இயற்கை வேளாண் மையம் கொடுத்த ‘வேஸ்ட் டீகம்போஸர்’ பல வீடுகளில் இருக்கிறது. 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ வெல்லம் கரைத்து, அந்தத் தாய்க் கரைசலைக் கலந்து, தினமும் கலக்கிவிட்டால் ஒரு வாரத்துக்குள் தயார். அது இல்லாதவர்களுக்குச் சாணிக் கரைசல் இருக்கிறது. சற்றே மெதுவாக வேலை செய்யும், அவ்வளவுதான். எதைத் தெளித்தாலும் ஈரம் வேண்டும். காய்ந்த வைக்கோலில் எந்த நுண்ணுயிரும் வேலை செய்யாது. அறுவடை ஈரம் காய்வதற்குள் தெளித்து, ரோட்டோவேட்டரால் மேலாக மடக்கி, மூன்று நாலு வாரம் விட்ட பிறகு விதைப்பது உத்தமம்.

அவ்வளவு காத்திருக்க முடியாது, ஈரம் போய்விடும் என்றால் ஒரு ஏக்கரில் மட்டும் எள்ளு விதைத்து, அந்த ஏக்கர் வைக்கோலை வாழைக்கும், தென்னம் பாத்திக்கும், கத்தரி வரிசைக்கும் மூடாக்காகப் போடலாம். வெயில் காலத்தில் மூடாக்கு போட்ட பாத்திக்குத் தண்ணீர் விடும் இடைவெளி நீள்வதை ஒரே மாதத்தில் பார்க்க முடியும்.

குறுவை அறுத்து உடனே நெல் நடுகிறவர்களுக்குத்தான் நெருக்கடி. தாள் கிடந்த வயலில் நடுவதால் தாளடி என்று பெயர் வைத்த ஊர்ப்பக்கத்தில், தாளை என்ன செய்வது என்று கேட்கும் நிலை வந்துவிட்டது. அவர்கள் மேலே கிடக்கும் வைக்கோலைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அடிக்கட்டையை மட்டும் மடக்குவது நல்லது. பச்சை வைக்கோலை அப்படியே தண்ணீருக்குள் அமுக்கினால் மீத்தேன் கிளம்பும், நாற்று வேர் கறுக்கும். மக்குகிற கட்டை மண்ணில் இருக்கும் தழைச்சத்தைத் தான் பிடித்துக்கொள்வதால் பயிரும் கொஞ்ச நாள் மஞ்சளாக நிற்கும். அதற்காகத்தான் வேளாண் பல்கலைக்கழகம், கட்டையை மடக்கும் முதல் சேற்றுழவில் ஹெக்டேருக்கு 22 கிலோ யூரியா (ஏக்கருக்கு 9 கிலோ) போடவும், நடவுக்குக் குறைந்தது 10 நாள் முன்பாக இதை முடிக்கவும் சொல்கிறது. அந்த யூரியா வீண் போவதில்லை, மக்கியதும் பயிருக்குத் திரும்பி வரும்.

இரண்டு மூன்று வருடம் வைக்கோலை மடக்கிய பிறகு பொட்டாஷ் மூட்டையை எவ்வளவு குறைக்கலாம் என்பதை மண் பரிசோதனை செய்தே முடிவெடுக்க வேண்டும். பக்கத்துச் சோழமாதேவியிலேயே கிரீடு வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. மடக்கிய ஏக்கரிலும் விற்ற ஏக்கரிலும் தனித்தனியாக மண் எடுத்துப் போனால் வித்தியாசம் அட்டையிலேயே தெரியும்.

வீட்டில் இருக்கும் இரண்டு மாட்டுக்கு வருவோம். வைக்கோலில் மாடு தின்னும் பொட்டாஷில் பெரும்பகுதி சாணியில் வராது, மூத்திரத்தில்தான் வரும். கொட்டகையைக் கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போனால் அந்தப் பொட்டாஷும் அங்கேதான் போகிறது. ஒரு சின்னக் கால்வாய் வெட்டிக் குப்பைக்குழிக்கோ தென்னைக்கோ திருப்பிவிடுவது அரை நாள் வேலை.

அந்த மாடுகளுக்கென்று வாங்கிவைக்கும் கட்டுகளில் கயிற்றைக் கவனிக்க வேண்டும். சணல் கயிறு என்றால் கவலை இல்லை, குப்பைக்குழியில் மக்கிவிடும். பிளாஸ்டிக் கயிறு என்றால் கட்டைப் பிரித்ததும் உருவி எடுத்து எண்ணி ஒரு கொக்கியில் மாட்டிவிட வேண்டும். வைக்கோலோடு உள்ளே போன கயிறு மாட்டின் வயிற்றில் பந்தாகச் சுருண்டு, அசைபோடுவதையே நிறுத்திவிடும்.