ஆண்டர்சன் கையில் இருந்த .405

கென்னத் ஆண்டர்சனைப் பற்றிப் போன மாதம் நாலு பத்தி எழுதியிருந்தேன். படித்துவிட்டு இரண்டு நண்பர்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள். ஒருவர், "பாவம், மாதச் சம்பளக்காரர். இங்கிலாந்து இரட்டைக்குழல் ரைஃபிள் வாங்க வசதியில்லை. ஏதோ கௌபாய் படத்துத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஆட்கொல்லிப் புலியைச் சுட்டார்" என்றார். மற்றவருக்கு நேர்மாறான எண்ணம். லீவர் ரைஃபிளைப் போல வேகமான ஆயுதம் உலகத்தில் கிடையாது, அதனால்தான் ஆண்டர்சன் அத்தனை முறை உயிரோடு திரும்பி வந்தார் என்கிறார் அவர். இருவரும் எனக்கு வேண்டியவர்கள்தான். ஆனால் இரண்டு பேச்சிலும் தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் வேட்டைக்காரன் இல்லை. புதுச்சேரியில் என்ன பெரிய வேட்டை? ஊசுட்டேரியில் வாத்து சுட்ட துரைமார்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் குமாஸ்தா உத்தியோகத்தில் சில வருடங்கள் ஆயுத லைசென்ஸ் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். புதுப்பிக்க வரும் ஒவ்வொரு லைசென்ஸிலும் துப்பாக்கியின் வகை, போர், எண், ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று பத்தி பத்தியாக இருக்கும். அந்தத் துப்பாக்கி எந்த மிருகத்துக்குப் போதும், எதற்குப் போதாது என்று சொல்ல மட்டும் பத்தி கிடையாது. அந்த ஆர்வத்தில்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஒரு சொல் விளக்கம் முதலில் வேண்டும். பிரெஞ்சில் முழுத் தோட்டாவுக்கு 'கர்த்தூஷ்', அதிலிருந்து பறந்து போகிற ஈயத்துக்கு 'பால்' என்று தனித்தனிப் பெயர். நாம் பேச்சில் இரண்டையும் கலந்துவிடுகிறோம். இங்கே நான் தோட்டா என்பது பித்தளை உறை, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. குண்டு என்றால் குழாயை விட்டு வெளியே போவது மட்டும்.

லீவர் ரைஃபிள் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஜெய்சங்கர் குதிரையில் வந்த படங்களைப் பார்த்தவர்கள்தானே நாமெல்லாம். விசைக்குக் கீழே விரல்கள் நுழைகிற ஒரு வளையம். அதைக் கீழே தள்ளினால் வெறும் உறை வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் புதுத் தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்க வேண்டாம், கண்ணை மிருகத்தை விட்டு நகர்த்த வேண்டாம். போல்ட் ரைஃபிளில் கையை எடுத்துக் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மறுபடி மடக்க வேண்டும். நன்கு பழகியவனுக்கு வித்தியாசம் ஒரு நொடிகூட இருக்காது. இருபது கெஜத்தில் புதரிலிருந்து பாய்கிற சிறுத்தைக்கு முன் அந்த ஒரு நொடி பெரிதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

குறைகளும் உண்டு. குப்புறப் படுத்துச் சுட்டால் லீவர் தரையில் இடிக்கும். வெயிலில் கிடந்து சூடேறிய தோட்டாவின் உறை உள்ளே இறுகிக்கொண்டால், அதைப் பிடுங்கி எடுக்கும் பலம் லீவருக்குப் போல்ட்டை விடக் குறைவு. பழைய மாதிரிகள் பலவற்றில் தோட்டாக்கள் குழாய்க்கு அடியிலுள்ள இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒன்றின் குண்டு முனை அடுத்ததன் பின்புறத்தில், சுத்தி அடிக்கும் இடத்திலேயே, முட்டிக்கொண்டிருக்கும். கூர்முனைக் குண்டு போட்டால் துப்பாக்கி அதிர்கிறபோது கையிலேயே வெடித்துவிடும் அபாயம். அதனால் தட்டை முனைக் குண்டுதான் போட வேண்டும். தட்டை முனை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். லீவர் ரைஃபிள் கிட்டத்து ஆயுதம் என்று பெயர் வாங்கியதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஆண்டர்சனிடம் இருந்தது அந்த வகை இல்லை. அவருடையது வின்செஸ்டரின் 1895 மாதிரி. வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். அடிக்குழாய் கிடையாது, நடுவில் பெட்டி. தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். முதல் உலகப் போரில் ரஷ்ய ராணுவம் இந்த மாதிரியைத் தன் தோட்டாவுக்கு ஏற்றபடி செய்யச் சொல்லி ஏறக்குறைய 3 லட்சம் வாங்கியது. கௌபாய் படத்துத் துப்பாக்கி என்று சொன்ன நண்பர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த ரைஃபிளுக்கென்று 1904இல் வந்த தோட்டாதான் .405. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் மில்லிமீட்டரும் கிராமும்தான் கற்றுக் கொடுத்தார்கள். கிரெய்ன் என்ற அளவையெல்லாம் ஆபீஸுக்கு வந்த பிறகு பார்த்தவை. அதனால் எனக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். குண்டின் குறுக்களவு பத்தரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எடை 300 கிரெய்ன், அதாவது பத்தொன்பதரை கிராம். குழாயை விட்டுக் கிளம்பும் வேகம் நொடிக்கு சுமார் 670 மீட்டர். ஆற்றல் 4,300 ஜூல் சொச்சம். இருநூறு கிலோ புலிக்கும், அதைவிடக் கனமான கடம்பைக்கும், கரடிக்கும் இது தாராளம். ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் மரத்தின் மேல் பரண் கட்டி, துப்பாக்கியோடு டார்ச் விளக்கைப் பொருத்திக்கொண்டு, இரவில் சில கெஜ தூரத்தில் சுட்டவர் அவர். அந்த வேலைக்கு .405 கச்சிதமான தோட்டா. ஏழைக்கு வாய்த்த ஒட்டுப்போட்ட சாமான் இல்லை. ரைஃபிளின் கட்டைதான் பொல்லாதது. பழைய பாணியில் வளைந்து, பின்புறம் ஒடுங்கியது. தோளில் உதைக்கும் உதையைப் பற்றிப் புலம்பாதவர் குறைவு.

எந்த வசதிக் குறைவும் இல்லாத ஒருவரும் இதே ரைஃபிளைத்தான் தூக்கிக்கொண்டு போனார். அமெரிக்க ஜனாதிபதிப் பதவியிலிருந்து இறங்கிய கையோடு 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய தியோடர் ரூஸ்வெல்ட். சிங்கத்துக்கு இந்த .405 தான் மருந்து என்று கொண்டாடினார். ஆனால் அதே பயணத்தில் அவரிடம் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனியின் இரட்டைக்குழல் ரைஃபிள் ஒன்றும் இருந்தது, இங்கிலாந்து நண்பர்கள் அன்பளிப்பாகக் கொடுத்தது. யானை என்று வந்தபோது அவர் கை அதைத்தான் தேடியது. அதன் குண்டு 31 கிராம். .405இன் குண்டு கட்டையானது, தன் குறுக்களவுக்கு ஏற்ற நீளமும் எடையும் இல்லாதது. தடித்த தோல், பெரிய எலும்பு, கனத்த தசை இவற்றைத் துளைத்து உள்ளே போக அதற்குத் திராணி போதாது. நம் ஊர்க் காட்டுமாடு ஆயிரம் கிலோ வரை வளரும். அதன் தோளெலும்பில் .405 பட்டால் என்ன ஆகும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. லீவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் இந்தக் குறை தீராது. இது இரண்டாவது நண்பருக்கு.

இங்கே ஒரு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். ஆப்பிரிக்காவில் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார், அவற்றில் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர் சின்னக் குண்டால், ஜிம் கார்பெட் 1926இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையைச் சுட்டதும் அதே தோட்டாவால்தான் (ஜெர்மானியர் 7×57 என்பதை ஆங்கிலேயர்.275 என்றார்கள், அவ்வளவுதான்). குறி சரியாக இருந்தால் எந்தத் தோட்டாவும் போதும் என்பார்கள். பெல் யானையின் மண்டையை அறுத்துப் பார்த்து, எந்தக் கோணத்தில் மூளை எங்கே இருக்கும் என்று படித்தவர். விரியாத கெட்டிக் குண்டு மட்டும் போட்டவர். தந்தத்துக்காக வருடக்கணக்கில் தினமும் அதே வேலையாக இருந்தவர். அவரை உதாரணம் காட்டி மற்றவர்களுக்குச் சின்னத் தோட்டா சிபாரிசு செய்வது, கயிற்றின் மேல் நடப்பவனைக் காட்டி வீட்டு மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டாம் என்பது போல.

குறி தப்பும். பரணில் கால் மரத்துப் போகும், கை நடுங்கும், மிருகம் ஓர் அடி நகரும். தப்பிய குண்டு என்ன செய்யும் என்பதைத்தான் தோட்டா வாங்குகிறவன் முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி. சம்பாவத் பெண்புலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1907இல் கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்துவதற்குள் அது கொன்றவர்கள் 436 பேர் என்று அவர் எழுதியிருக்கிறார். செத்த பிறகு வாயைத் திறந்து பார்த்தால், வலது பக்கத்து மேல் கோரைப்பல் பாதியோடு உடைந்திருக்கிறது. கீழ்ப்பல் எலும்பு வரைக்கும் போய்விட்டது. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை. அந்தக் காயத்தால்தான் அது காட்டு இரையைப் பிடிக்க முடியாமல் மனிதர் பக்கம் திரும்பியது என்பது கார்பெட்டின் முடிவு. சுட்டவன் யார், என்ன துப்பாக்கி என்பது யாருக்கும் தெரியாது. அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். புல் அறுக்கப் போன பெண்கள்தான் விலை கொடுத்தார்கள். நம் பக்கத்துக் காடுகளிலும் நாட்டுத் துப்பாக்கியில் ஈயத்தையும் இரும்புத் துண்டையும் திணித்துச் சுட்டு, காயத்தோடு தப்பவிட்ட மிருகங்களைப் பற்றி ஆண்டர்சன் திரும்பத் திரும்பப் புலம்பியிருக்கிறார்.

பள்ளியில் எங்களுக்கு அல்ஃபோன்ஸ் தோதேயின் 'தர்த்தரேன்' கதை பாடம். தாரஸ்கோன் ஊரில் வீடு நிறைய ஆயுதங்களை மாட்டி வைத்துக்கொண்டு பெருமை பேசும் ஆசாமி, சிங்கம் சுட அல்ஜீரியாவுக்குப் போய் முதலில் ஒரு கழுதையைச் சுடுவான். கடைசியில் பழக்கப்படுத்திய குருட்டுச் சிங்கம் ஒன்றைச் சுட்டு அபராதம் கட்டுவான். வகுப்பே சிரித்தது. இப்போது துப்பாக்கிப் பெருமை பேசுபவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தத் தொப்பைக்காரன்தான் ஞாபகத்துக்கு வருகிறான்.

நம் நாட்டில் 1972ஆம் வருடச் சட்டத்தோடு இந்தப் பேச்சு ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிட்டது, நல்லதுதான். ஆனால் இரண்டாவது நண்பரின் பேரன் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறான். அங்கே முறைப்படி பரீட்சை எழுதி, அனுமதி வாங்கி, இந்த இலையுதிர் காலத்தில் மூஸ் வேட்டைக்குப் போகிறானாம். குதிரை உயரத்துக்கு நிற்கும் மான் அது. நல்ல ஆண் 500 கிலோவைத் தொடும். தாத்தாவின் பேச்சைக் கேட்டு லீவர் ரைஃபிள்தான் வேண்டும் என்கிறான். கடையில் .30-30 மலிவாக இருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறான்.

வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். .30-30, 1895இல் வின்செஸ்டரின் 94 மாதிரிக்காக வந்த தோட்டா. அமெரிக்கக் காடுகளில் நூறு கிலோ மானுக்கு அது நூறு வருடத்துக்கு மேல் உழைத்திருக்கிறது. ஆனால் குண்டு 11 கிராம், ஆற்றல் 2,500 ஜூலுக்குச் சற்றுக் கீழே, அதுவும் 200 கெஜம் போவதற்குள் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஐந்து மடங்கு எடையுள்ள மிருகத்தின் மேல் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

பையன் நடக்கப் போவது அடர்ந்த காடு, 100, 120 மீட்டருக்கு மேல் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்றால் .45-70 வாங்கட்டும். 1873இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த கிழத் தோட்டா. 45 என்பது அங்குலத்தில் நூறில் 45 பங்கு குறுக்களவு, 70 என்பது அந்தக் காலத்துக் கரிமருந்தின் கிரெய்ன். குண்டு இருபது கிராமிலிருந்து இருபத்தாறு வரை. இதில் ஒரு விஷயம் கவனம். ஒரே பெயரில் மிதமான தோட்டாவும் விற்கும், இன்றைய உறுதியான ரைஃபிள்களுக்கென்று மருந்தை ஏற்றிய தோட்டாவும் விற்கும். இரண்டாவதை யாராவது தாத்தா காலத்து ராணுவ ரைஃபிளில் போட்டால் துப்பாக்கியே பிளந்துவிடலாம். லைசென்ஸில் போர் சரியாக இருக்கிறதே என்று கையெழுத்துப் போடுகிற குமாஸ்தாவுக்கு இது தெரிய வராது.

ஏரிக்கரை, சதுப்பு, வெட்டவெளி என்றால் பிரௌனிங்கின் பி.எல்.ஆர். லீவர்தான், ஆனால் உள்ளே போல்ட் ரைஃபிளைப் போலச் சுழன்று பூட்டும். பெட்டியில் தோட்டா என்பதால் கூர்முனைக் குண்டு போடலாம். .308இலோ .30-06இலோ வாங்கினால் 250 மீட்டர் வரை கவலையில்லை. விலை கூடுதல்தான். பேரன் சம்பாதிக்கிறான், கொடுக்கட்டும். .405கூட இப்போது மறுபடி கிடைக்கிறது, வின்செஸ்டர் பெயரில் ஜப்பானில் செய்து விற்கிறார்கள். ஆண்டர்சன் ஆசையில் தாத்தா அதைச் சொல்லக்கூடும். தோட்டாவுக்கு ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும் என்பதால் நான் சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும், சாப்பாட்டுத் தட்டு அளவு அட்டையை நட்டு, எங்கும் சாய்ந்துகொள்ளாமல் நின்றபடி பத்துக்குப் பத்து எந்தத் தூரத்தில் அடிக்கிறானோ அந்தத் தூரத்துக்குள்தான் சுட வேண்டும். அது 60 மீட்டர்தான் என்றால் 60 மீட்டர்தான். தோட்டா டப்பாவில் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி. டப்பாவை வாங்கியதும் ஒரு படம் எடுத்துத் தாத்தாவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். குண்டின் எடையும் முனையும் அதில் இருக்கும். எனக்கும் காட்டுவார்.