கடாரத்தோடு முடியவில்லை கடல்

எந்த மேடையிலும் கடல் என்று பேச்செடுத்தால் ராஜேந்திர சோழன் வந்துவிடுவான். 1025, கடாரம், ஸ்ரீவிஜயம், புலிக்கொடி. கைத்தட்டல் அடங்குவதற்குள் பேச்சாளர் எண்ணூறு ஆண்டுகளைத் தாண்டி, வெள்ளைக்காரன் காலத்தில் தமிழன் கூலியாகக் கப்பலேறிய துயரத்துக்கு வந்துவிடுவார். சோழனுக்குப் பிறகு தமிழன் கடலை மறந்தான், மறுபடி கப்பலேறியபோது சரக்கோடு சரக்காக ஏறினான் என்பதைப் பள்ளிப் பிள்ளையிலிருந்து பட்டிமன்ற நடுவர் வரை எல்லோரும் நம்புகிறோம்.

இந்த நம்பிக்கை பொய். வெறும் பொய்யாக இருந்தால்கூட விட்டுவிடலாம். இது வீடு வீடாகப் போய்க் காகிதங்களை அழிக்கிறது.

என் அப்பாவின் தாத்தா தூத்துக்குடியில் தோணித் தண்டல். தோணியில் தண்டல் என்றால் தலைவன். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் பாயை விரிக்கச் சொல்பவன், ஆளுக்கும் சரக்குக்கும் பொறுப்பானவன். உப்பும் வெங்காயமும் ஏற்றிக் கொழும்புக்குப் போய்க் கொப்பரையோடு திரும்பியவர் என்பதுதான் வீட்டில் எனக்குக் கிடைத்த மொத்தக் கதை. அவருடைய தகரப்பெட்டி ஒன்று அத்தை வீட்டில் வெகுகாலம் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அதைத் தேடிப் போனேன். பெட்டி இருந்தது, அரிசி போட்டு வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த காகிதங்கள் எங்கே என்று கேட்டேன். "அரிச்சுப் போச்சுன்னு பழைய பேப்பர்காரன்ட்ட போட்டாச்சு மக்கா. நாம என்ன ராசா வம்சமா, எழுதி வைக்கதுக்கு?" என்றார் அத்தை.

அத்தைமீது எனக்குக் கோபமில்லை. ராசாவுக்குத்தான் கடல் என்று நூறு ஆண்டுகளாக அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்மீதுதான் கோபம்.

அந்த எண்ணூறு ஆண்டுகளில் இந்தக் கரை சும்மா கிடந்ததா? தூத்துக்குடிக் கடல் ஆழமில்லாதது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளித்தான் நங்கூரமிட்டன. அங்கிருந்து சரக்கைக் கரைக்கும், கரையிலிருந்து பஞ்சைக் கப்பலுக்கும் கொண்டுபோனது உள்ளூர்த் தோணி. சென்னையிலும் இதே நிலைதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்படும்வரை, கவர்னரானாலும் சிப்பாயானாலும் அலை உடையும் இடத்தைத் தாண்டிக் கரையேற்றியவர்கள் மசூலாப் படகுக்காரர்கள்தாம். கயிற்றால் தைத்த பலகைப் படகு அது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் சிதறிப்போகும். பேரரசே நம் படகோட்டியை நம்பித்தான் இந்தக் கரையில் கால் வைத்தது.

தூத்துக்குடிக்கு வடக்கே பரங்கிப்பேட்டையிலிருந்தும் நாகூரிலிருந்தும் மரக்காயர் கப்பல்கள் கெடாவுக்கும் அச்சேக்கும் பினாங்குக்கும் போய்க்கொண்டிருந்தன. பினாங்கில் இன்றும் நிற்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை 1801இல் நிறுவிய காதர் முகைதீன் பரங்கிப்பேட்டையிலிருந்து போனவர். பாக் நீரிணைக்கு அப்பால் வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை ஆட்களே ஓட்ட, அது சூயஸ், ஜிப்ரால்டர் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து 1938 ஆகஸ்டில் மாசச்சூசெட்ஸில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. ராஜேந்திர சோழன் செத்து ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகள் கழித்து நடந்தது இது. அதைக் கட்டிய ஓடாவிகள் வெளிநாட்டில் படித்தவர்கள் இல்லை. அப்பனிடமும் மாமனிடமும் தொழில் கற்றவர்கள்.

வ.உ.சி.யைக்கூட நாம் தனி மனிதராக்கிவிட்டோம். 'கப்பலோட்டிய தமிழன்' என்று ஒருமையில் சொல்லிச் சொல்லி, அவருக்கு முன்னும் பின்னும் தமிழன் எவனும் கப்பல் ஓட்டவில்லை என்று நினைக்கப் பழகிவிட்டோம். 1906இல் அவர் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்குப் பத்து லட்ச ரூபாய் மூலதனம், பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை எடுத்தார். கடல் வணிகத்தை அறிந்த ஒரு கரை அவருக்குப் பின்னால் நின்றது. சிறையில் அவர் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கும் கண் கலங்கும். ஆனால் அவரைத் தனியாக நிறுத்துவது, அவர் யாரை நம்பி அந்தக் கம்பெனியைத் தொடங்கினாரோ அவர்களையெல்லாம் அழிப்பதாகும்.

சரி, கடலில் போனவன் என்ன எழுதி வைத்தான், தடயமே இல்லாதவனை எங்கே போய்த் தேடுவது என்று கேட்கிறார்கள். கடலில் தேடினால் கிடைக்கமாட்டான். அவன் கரையில் விட்டுப்போன இடங்களில் தேட வேண்டும்.

எங்கள் ஊர்ப் பரதவருக்கு அந்த இடம் மாதா கோயில் புத்தகம். ஞானஸ்நானப் பதிவில் பிள்ளை பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்கள் இருக்கும். ஞானப் பெற்றோர் பெயரைச் சடங்குக்கு எழுதியது என்று தள்ளிவிடக் கூடாது. என் பூட்டனின் ஏழு பிள்ளைகளில் நால்வருக்கு ஞானத்தகப்பன் ஒரே குடும்பத்து ஆள். அது தோணி முதலாளியின் குடும்பம். அவர் யாருடைய தோணியில் போனார் என்பதை வேறெந்தக் காகிதமும் சொல்லாமல், பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிய புத்தகம் எனக்குச் சொன்னது.

இன்னொன்றையும் கவனித்தேன். ஏழில் ஐந்து பிள்ளைகள் பங்குனிக்கும் வைகாசிக்கும் இடையில் பிறந்திருக்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் தோணி ஓடாது. ஆள் வீட்டில் இருப்பான். அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணிப் பாருங்கள். கடலோடியின் குடும்பத்துக்குக் காற்றுதான் பஞ்சாங்கம்.

கல்யாணப் பதிவு அதைவிட வளமானது. எங்களிடையே மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் முடிப்பதுதான் வழக்கம். திருச்சபைச் சட்டமோ நெருங்கிய இரத்த உறவில் கல்யாணத்துக்குத் தனி விலக்கு கேட்கும். அந்த விலக்கைப் பதியும்போது பெண்ணும் மாப்பிள்ளையும் எத்தனையாவது தலைமுறையில் உறவு என்று பாதிரியார் எழுதியாக வேண்டும். லத்தீனில் இருக்கும் அந்த அரை வரி, குடும்ப மரத்தில் ஒரு கிளையையே கொடுத்துவிடும். இதெல்லாம் ராசாக்களின் கல்வெட்டில் கிடைக்காத செய்தி.

இடையில் ஒரு சொல். பெர்னாண்டோ, ரொட்ரிகோ என்று பெயர் இருந்தால் போர்ச்சுகீசிய இரத்தம் என்று எங்கள் ஆட்களிலேயே சிலர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். 1530களில் ஊர் ஊராக மதம் மாறியபோது ஞானஸ்நானத்தில் எடுத்துக்கொண்ட பெயர்கள் அவை. லிஸ்பனில் மூதாதையைத் தேடி அலைகிறவர்கள் பக்கத்துத் தெருவில் இருப்பவனைத் தொலைக்கிறார்கள்.

காயல்பட்டினத்தார்க்கும் கீழக்கரையார்க்கும் வழி வேறு. அங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை மனைவி வீட்டில் வந்து இருப்பார். ஆண் மலாக்காவிலோ கொழும்பிலோ வருடக்கணக்கில் இருந்தாலும், அவர் மனைவியின் வீட்டுப் பத்திரம் ஊரை விட்டு அசையாது. யாழ்ப்பாணத்தில் சீதன உறுதி இருக்கிறது. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை பெண்ணின் சீதனத்தைத் தனிச் சொத்தாகக் காத்ததால், எந்த வளவு எந்த மகளுக்குப் போனது என்று தலைமுறை தலைமுறையாக எழுத்தில் உண்டு. கடலோடியைத் தேடுகிறவர் ஆண்வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இரண்டாம் படியிலேயே முட்டி நிற்பார். அம்மா வழியில் போங்கள்.

அரசுக் காகிதத்துக்கும் பஞ்சமில்லை. தவறான ஊரில் தேடுகிறோம், அவ்வளவுதான். 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த ஒல்லாந்தர் அதைக் கொழும்பிலிருந்து ஆண்டார்கள். ஆகவே அந்தக் காலத்துத் தூத்துக்குடிக்காரனைப் பற்றிய செய்தியை மதுரையிலோ சென்னையிலோ தேடுவதைவிடக் கொழும்பு ஆவணக் காப்பகத்தில் தேடுவதுதான் முறை. போர்ச்சுகீசியரும் ஒல்லாந்தரும் தங்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் கப்பல் ஓடவிட்டதில்லை. ஒடுக்குவதற்காக எழுதிய சீட்டுதான். அதில் ஓட்டினவன் பெயரும் நிற்கிறது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால் கப்பல் வந்ததும் போனதும் அடிக்கடி வரும், அதுவும் தமிழில்.

இனி ஆங்கிலக் கப்பல்களில் வேலை செய்த லஸ்கர்கள். இவர்களில் பெரும்பாலோர் சில்ஹெட், கொங்கணம், குஜராத் பக்கத்துக்காரர்கள். நம்மவர் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இவர்களுக்கு நடந்ததைப் பார்த்தால், கடலோடிக்கு வரலாறு இல்லை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று விளங்கும். 1823இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட சட்டம், லஸ்கரைப் பிரிட்டிஷ் மாலுமியாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. வேலை அதே வேலை. கூலி மட்டும் வெள்ளை மாலுமியின் கூலியில் மூன்றில் ஒன்று, சில சமயம் ஐந்தில் ஒன்று. 1914இல் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் 50,000க்கும் மேற்பட்ட லஸ்கர்கள் இருந்தார்கள். முதல் உலகப் போரில் 3,000க்கும் மேற்பட்டவர்கள் கடலில் செத்தார்கள். ஒருவனைக் கணக்கில் சேர்க்காதே என்று சட்டமே போட்டுவிட்டு, பிறகு அவன் கணக்கிலேயே இல்லையே என்று கைவிரிப்பதை நாமும் நம்பினோமே, அதுதான் என்னை உறுத்துகிறது.

அப்படியும் முழுதாக அழிக்க முடியவில்லை. சம்பளம் கொடுக்க வேண்டுமென்றால் பெயர் எழுதியாக வேண்டும். 1863 முதல் 1938 வரையான பிரிட்டிஷ் கப்பல் ஒப்பந்தங்களில் ஏறக்குறைய எழுபது சதவீதம் இன்று கனடாவில் நியூபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கின்றன. 1915ஆம் ஆண்டுப் பட்டியல்களைப் பெயர் போட்டு இலவசமாகத் தேடலாம். முதல் உலகப் போரில் செத்த இந்திய மாலுமிகளில் 2,000க்கும் மேற்பட்டவர்களுக்கு மும்பை மாலுமிகள் இல்லத்தில் நினைவுச் சின்னம் உண்டு. கொல்கத்தாவிலும் ஒன்று உண்டு.

கடல் தாண்டினால் தோஷம் என்று சாத்திரமே சொல்கிறதே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்த விதி யாருக்கு? ஒருசில சாதியாரின் வீட்டுக் கட்டுப்பாட்டை எடுத்துத் தமிழ்நாட்டின் வரலாறு என்று எழுதிவிட்டார்கள். பரதவருக்கும் கரையாருக்கும் பட்டினவருக்கும் மரக்காயருக்கும் கடல் தாண்டாமல் இருப்பதுதான் பட்டினி. நம் மொழியில் கப்பல் சாத்திரம் என்றே ஒரு சுவடி உண்டு; சென்னை அரசுக் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் அதை அச்சிட்டது. எந்த நாளில் எந்த மரத்தை வெட்டலாம் என்றெல்லாம் கணக்குப் பார்த்த சமூகத்தைக் கடலை மறந்த சமூகம் என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

ராஜேந்திரனைக் கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் படையில் துடுப்பு வலித்தவன் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது; இனித் தெரியவும் வழியில்லை. நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பு தோணி ஓட்டினவன் பெயர், அவன் மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாமே இன்னும் காகிதத்தில் இருக்கின்றன. கரையான் அரிப்பதற்குள், பேப்பர்காரன் வருவதற்குள் அவற்றை எடுத்துப் படிக்க ஆள் இல்லை. வேர் தேடுகிறோம் என்று கிளம்புகிற இளைஞர்களும் நேரே கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகிறார்கள்.

என் பூட்டனுக்குக் கல்லறைப் பதிவு இல்லை. மூன்று முறை பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டேன். 1911 பங்குனியில் கடைசிப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். தகப்பன் பெயருக்கு முன்னால் அடைமொழி எதுவும் இல்லை. 1912 ஆவணியில் மூத்த மகளுக்குக் கல்யாணம். தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு முழுத் தோணிப் பருவம்தான், 1911 செப்டம்பரிலிருந்து 1912 மே வரை. அந்தப் பருவத்தில் கொழும்புக்குக் கிளம்பித் திரும்பாத தோணிகள் எவை என்று பார்க்க வேண்டும். அத்தையிடம் கேட்டு அந்தத் தகரப்பெட்டியை வாங்கி வந்துவிட்டேன். மூடியின் உட்புறம் சுண்ணாம்பால் போட்ட கோடுகள் சில தெரிகின்றன, ஐந்து ஐந்தாக.