சாம்பலில் ஒளிந்திருக்கும் செம்பு



எரிதலைப் பற்றிய அறிவியல் பாடத்தின்போது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்தான். "பச்சை நெருப்புப் பார்த்திருக்கீங்களா டீச்சர்? ஒயரைக் கொளுத்தினா வரும்" என்றான். பழைய ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் வசிப்பவன் அவன். அண்ணன்மார் பழைய மின்கம்பிகளைக் கொல்லையில் கொளுத்தி, செம்பை எடுத்துப் பழைய இரும்புக்கடையில் விற்பார்களாம். "சாம்பலை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "பாட்டி கீரைக்குப் போட்டுடுவாங்க" என்றான்.

அந்த விடைதான் என்னை இதை எழுத வைத்தது.

பாட்டியின் மீது பிழையில்லை. தோட்டப்புறத்தில் சாம்பல் ஒரு செல்வமாக இருந்தது. பால்மர விறகை எரித்த சாம்பலால் பாத்திரம் துலக்கினோம்; செடிகளுக்கும் தூவினோம். அது மரத்தின் சாம்பல். இன்று கொல்லையில் எரிபவையோ மின்கம்பி, நெகிழிப் பை, உடைந்த விளையாட்டுப் பொருள். இரண்டையும் சாம்பல் என்றே அழைக்கிறோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

செம்பு ஒரு தனிமம். நெருப்பால் அதை அழிக்க முடியாது. அது உருகுவதற்கே 1085 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால், கம்பியின் மேலுறையான பிவிசி நெகிழியில் குளோரின் உண்டு. எரியும்போது செம்பின் ஒரு பகுதி குளோரினுடன் சேர்ந்து செம்புக் குளோரைடாகிறது. மாணவன் கண்ட பச்சை நிறம் அதன் அடையாளமே. இன்னொரு பகுதி ஆக்சிஜனுடன் சேர்ந்து கறுப்பு நிறச் செம்பு ஆக்சைடாகிறது. ஆக்சைடு நீரில் எளிதில் கரையாது, குளோரைடு கரையும். மழை பெய்தால் மண்ணில் இறங்கும். சிறிதளவு செம்பு செடிக்கும் நமக்கும் தேவைதான். மிகுந்தால் அதுவே வேரைக் கெடுக்கும்.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. ஏறத்தாழ 200 முதல் 400 டிகிரி வெப்பத்தில் கரியும் குளோரினும் சேர்ந்து டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு உருவாவதைச் செம்புக் குளோரைடு விரைவுபடுத்துகிறது. குப்பை எரியுலைச் சாம்பலில் டையாக்சின் இருப்பதை 1977இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். அதன்பின், சாம்பலில் செம்பு எவ்வளவு இருக்கிறது என்பதோடு எந்தச் சேர்மமாக இருக்கிறது என்பதையும் ஜப்பான், தைவான் ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஆராய்ந்தனர்.

நம் பேரா மாநிலத்திலேயே, பங்கோர் தீவில் நாளொன்றுக்கு 20 டன் குப்பையை எரிக்கும் திறனுடன் ஓர் எரியுலை அமைக்கப்பட்டது. முறையான எரியுலையில்கூட, புகையோடு பறக்கும் சாம்பலைத் தனியே பிடித்து, சிமெண்டு போன்றவற்றால் இறுக்கி, பாதுகாப்பாகப் புதைக்க வேண்டும். அப்படியானால், புகை வடிகட்டியோ வெப்பக் கட்டுப்பாடோ இல்லாத நம் கொல்லை நெருப்பை என்னவென்று சொல்வது?

திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு தடை செய்கிறது. ஆனால், தண்டத்துக்கு அஞ்சி நிறுத்துவதைவிட, அறிந்து நிறுத்துவதே மேல். அதைக் கற்பிக்க வேண்டிய நாமே பள்ளியின் பின்புறம் குப்பையைக் கொளுத்தினால், "எரித்தால் அழிந்துவிடும்" என்ற தவறான பாடத்தையே நடத்துகிறோம்.

'குப்பை லாரி வராத இடத்தில் என்ன செய்வது?' என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. லாரியை வரவழைக்க நகராண்மைக் கழகத்திடம் சேர்ந்து கேட்போம். அதுவரை மின்கம்பி, மின்கலம், நெகிழி ஆகியவற்றையாவது தீயில் போடாமல் ஒதுக்கி வைப்போம். கம்பியை உறையோடு விற்றால் விலை சற்றுக் குறையும். பிள்ளையின் நுரையீரலுக்கு ஈடாக அந்தச் சில வெள்ளியைக் கணக்குப் பார்க்கலாமா? விறகுச் சாம்பல் தவிர வேறு சாம்பல் கீரைப் பாத்திக்கு வேண்டாம். குப்பை எரித்த இடத்தில் கீரையும் பயிரிட வேண்டாம்.

அந்த மாணவனை நான் கடியவில்லை. அவன் கண்டதை அறிவியலாக விளக்கி, பாட்டியிடம் சொல்லச் சொன்னேன். மறுநாள் வந்து, "பாட்டி கேட்டுக்கிட்டாங்க டீச்சர், அண்ணன்தான் கேக்கல" என்றான்.

அண்ணன்மாரும் ஒரு காலத்தில் நம் வகுப்பில் அமர்ந்திருந்தவர்கள்தாமே? அவர்களுக்கு நாம் என்ன கற்பித்தோம்? சிந்திப்போம்.